நண்டு எழுதிய குலப்பட்டியல்

அந்தக் காலத்தில் உயிர்கள் அனைத்துக்கும் ஒரே மொழிதான் இருந்தது. சண்டையிடுவதற்கு அது மிகவும் வசதியாக இருந்தது.

இன்று நாம் கொள்ளிடம் என்று சொல்லும் ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு கிடந்தது. அதன் மேல்பாதி உயரமானது. எவ்வளவு பெரிய வெள்ளம் வந்தாலும் நனையாது. கீழ்ப்பாதி தாழ்வானது, ஆடி மாதத்து முதல் நீரிலேயே மூழ்கிவிடும். ஆகவே முட்டையிடும் உயிர்கள் எல்லாம் மேல்பாதிக்கே வந்தன. முட்டையிடாத பன்றி அங்கேதான் வந்து புரண்டது; நீர்நாய் அங்கேதான் வெயில் காய்ந்தது. ஆண்டுதோறும் ஒருவர் முட்டையை மற்றவர் மிதித்தார்கள்; ஆண்டுதோறும் ஒருவர் பிள்ளைக்காக மற்றவர் அழவில்லை.

இப்படியே போனால் திட்டில் ஒரு குஞ்சும் மிஞ்சாது என்று தெரிந்தபோது, எல்லாரும் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதுகெலும்புள்ளோரைக் குலம் குலமாகப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு குலத்துக்கும் ஓர் இடமும் ஒரு நடைமுறையும் வகுக்க வேண்டும். ஆனால் பிரிப்பவர் யார்? யானை பிரித்தால் பாலூட்டுபவர்களுக்குச் சாதகமாகப் பிரிக்கும். கழுகு பிரித்தால் பறவைகளுக்குச் சாதகமாகப் பிரிக்கும்.

வெகுநேரம் யோசித்த ஆமை வழி சொல்லியது.

"முதுகெலும்பே இல்லாத ஒருவரைக் கூப்பிடுவோம். அவருக்கு நம்மில் சொந்தக்காரர் யாரும் இருக்க முடியாது. அலவனார் இருக்கிறாரே."

அலவன் என்பது திட்டின் ஓரத்தில் வளை வைத்திருந்த கிழ நண்டு. எல்லாரும் சம்மதித்தார்கள். அதில் இருந்த பிழையை ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை. நண்டுக்கு உடம்பின் உறுதி முழுவதும் ஓடாக வெளியே இருக்கிறது; உள்ளே இருப்பது வெறும் சதை. தனக்கு எப்படியோ அப்படித்தான் உலகத்துக்கும் என்று அலவன் உறுதியாக நம்பினான். ஓர் உயிர் இன்னது என்பதை அதன் மேற்பரப்பே சொல்லிவிடும் என்பது அவன் கொள்கை.

வைகாசி மாதத்தில் ஒரு விடியற்காலை, கீழ்ப்பாதியின் ஈரக் களிமண்ணில் அலவன் வந்து அமர்ந்தான். வலக் கொடுக்கால் ஒவ்வொருவரையும் சுரண்டிப் பார்த்தான். இடக் கொடுக்கால் களிமண்ணில் கோடு கிழித்து எழுதினான்.

"மயிர் இருக்கிறது. பாலூட்டுபவர் வரிசையில் நில். உனக்கு இறகு, அந்தப் பக்கம் போ. நீ ஏன் இப்படி ஈரமாக வழுக்குகிறாய்? தவளையா? நீரிலும் நிலத்திலும் வாழ்வோர். துடுப்பும் செவுளும் உள்ளவர்கள் கரைக்கு வந்து துடிக்க வேண்டாம், நீரிலேயே இருங்கள். மீன் என்று எழுதிக்கொள்கிறேன்."

பாம்பு வந்தது. அலவன் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"கால்கள் எங்கே?"

"மழைக்காலத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்று புற்றிலேயே வைத்துவிட்டேன்."

"பரிகாசம் வேண்டாம். காய்ந்த செதில். ஊர்வன."

பல்லியும் ஓணானும் உடும்பும் ஆமையும் அதே வரிசைக்குப் போயின. அழுங்கு என்னும் எறும்புதின்னியும் அங்கேதான் அனுப்பப்பட்டது, உடம்பெல்லாம் செதிலாக இருந்ததால். அது போகவில்லை. மல்லாந்து படுத்துத் தன் வயிற்றில் இருந்த மயிரைக் காட்டி, "என் பிள்ளை பால் குடிக்கிறது ஐயா" என்று பணிவாகச் சொன்னது. அலவன் முகத்தைச் சுளித்தான். களிமண் ஈரமாக இருந்ததால் ஒரு கோட்டை அழித்து வேறிடத்தில் எழுதினான்.

கடைசியாக வந்தவள் இடங்கி என்னும் முதலை. வர விருப்பமில்லாமல் வந்தாள். மேல்பாதியில் மாசி மாதக் கடைசியில் அவள் இருபத்தெட்டு முட்டைகளைப் புதைத்திருந்தாள். அன்றிலிருந்து அந்த மணலைவிட்டு நகரவில்லை. ஒழுங்காக இரை எடுத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. வராதவர்களுக்குத் திட்டில் இடமில்லை என்று பன்றி மூன்று முறை வந்து கத்திய பிறகே எழுந்தாள்.

அலவன் அவள் முதுகில் ஒரு முறைதான் சுரண்டினான்.

"செதில். ஊர்வன. அடுத்தது யார்?"

"அவ்வளவுதானா?" என்றாள் இடங்கி.

"அவ்வளவுதான். ஊர்வனவற்றுக்கு நடைமுறை இது: மேல்பாதியில் முட்டையிடலாம், மூடிவிட்டுப் போய்விட வேண்டும். காவல் கிடக்கக் கூடாது. பல்லுள்ளவர்கள் கூட்டமாகப் படுத்துக்கிடந்தால் பறவைகள் எப்படி இறங்கும்? இப்போது கிடப்பவர்களுக்கு ஏழு நாள் தவணை."

"எனக்கு எப்போதுமே அதுதான் வழக்கம்" என்றது ஆமை திருப்தியாக. "புதைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை."

இடங்கி மேலே திரும்பினாள். மணல் மேட்டின் ஓரத்தில் புதிதாக ஒரு குழி இருந்தது. அதைச் சுற்றி ஐந்து முட்டை ஓடுகள் கிடந்தன. சற்றுத் தள்ளி, பிளந்த நாக்கால் வாயின் இரு பக்கமும் துடைத்தபடி உடும்பு நின்றது.

"கோபப்படாதீர்கள் பெரியம்மா" என்றது அது. "நாம் பங்காளிகள் என்று இன்று காலையில்தானே தீர்ப்பாயிற்று? பங்காளி வீட்டில் பங்காளி கை நனைத்தால் குற்றமா?"

இடங்கி வாலை ஒரு முறை வீசினாள். உடும்பு தாழம்புதருக்குள் மறைந்தது. அங்கிருந்தே, "ஏழு நாள்தானே, நான் பொறுத்திருக்கிறேன்" என்று குரல் கொடுத்தது.

அவள் புலம்பவில்லை. முன்கால்களால் குழியை மூடி, வயிற்றால் அழுத்திச் சமன் செய்தாள். இருபத்தெட்டு போய் இருபத்துமூன்று. அந்த இருபத்துமூன்றும் வெளியே வரும்வரை இந்த இடத்தைவிட்டு எழுவதில்லை என்று தீர்மானித்தாள். பிறகு ஆமையை அழைத்தாள்.

"அலவனாரிடம் போய்ச் சொல். தீர்ப்பை நான் ஏற்கவில்லை. அவர் இங்கே வரவேண்டும். நான் இனிமேல் கீழே இறங்கமாட்டேன்."

"அவர் பெரியவர், இடங்கி."

"இருக்கட்டும். அவருக்கு எட்டுக் கால்கள் இருக்கின்றன. வரலாம்."

ஆமை போய்ச் சொல்லி அலவன் வந்து சேர்வதற்குள் உச்சிவேளை ஆகிவிட்டது. பக்கவாட்டில் நடந்து மேடேறிய களைப்பில் அவன் கண்கள் இரண்டும் காம்பின் நுனியில் தளர்ந்து ஆடின. வேடிக்கை பார்க்க மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள்.

"என்ன குறை உனக்கு?"

"அழுங்குக்கு அவருடைய வயிற்றைப் பார்த்தீர்கள். எனக்கு முதுகோடு நிறுத்திக்கொண்டீர்கள்."

"உன் வயிற்றிலும் செதில்தான்."

"அலவனாரே, உங்கள் உறுதி வெளியே இருக்கிறது. எங்கள் உறுதி உள்ளே இருக்கிறது. எங்களை எழுத வந்தவர் உள்ளே பார்த்து எழுத வேண்டும். அது உங்களுக்கு முடியாத காரியமும் அன்று. இந்த ஆற்றில் செத்து ஒதுங்குகிறவர்களை எல்லாம் தின்பவர் நீங்கள். எங்கள் உட்புறத்தை உங்களைப்போல் கண்டவர் வேறு யார்?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அலவனுக்கு அது பிடிக்கவில்லை.

"சாப்பிடும்போது நான் ஆராய்ச்சி செய்வதில்லை."

"நினைவிருக்கும். போன கோடையில் என் தம்பி இறந்து கிடந்தான். அவன் இதயத்தை நீங்கள்தான் தின்றீர்கள். அதில் எத்தனை அறைகள்?"

அலவன் கொடுக்கை மடக்கி விரித்தான். பொய் சொல்லும் வழக்கம் அவனுக்கு இல்லை.

"நான்கு."

"உடும்பின் அப்பன் நெஞ்சில்?"

"மூன்று."

"ஆமையின் நெஞ்சில்?"

"அதுவும் மூன்றுதான்."

"நாரையின் நெஞ்சில்?"

"நான்கு" என்ற அலவன், உடனே தொடர்ந்தான். "பொறு. மான் நெஞ்சிலும் நான்குதான். அதற்காக உன்னை மான் என்று எழுதட்டுமா? கொம்பு எங்கே?"

இப்போது கூட்டம் முழுவதும் சிரித்தது. இடங்கி சிரிப்பு அடங்கும்வரை பொறுத்திருந்தாள்.

"எங்கள் குலத்தில் தாய் மகளுக்குச் சொல்லி வருவது ஒன்று உண்டு. பறவைகளின் மூத்தவளும் எங்கள் மூத்தவளும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள். ஒருத்தி மரமேறினாள், ஒருத்தி நீரில் இறங்கினாள். பல்லியும் பாம்பும் அந்த வீட்டுக்கு வெகுதூரத்துச் சொந்தம். மேலே போர்த்தியிருப்பது மட்டும்தான் எங்களுக்குள் ஒன்று."

"சொல்லி வருவது சாட்சி ஆகாது" என்றான் அலவன். "அறைகளை எண்ணுவதும் போதாது. இறகுள்ளவர் ஒருவர் வரட்டும். உன் முட்டையைத் தன் முட்டையாக எண்ணிக் குரல் கொடுக்கட்டும். அப்போது உன்னைக் காவல் இருக்க விடுகிறேன். ஏழாம் நாள்வரை உனக்கு நேரம் இருக்கிறது. இல்லையென்றால் நீ இறங்கிவிட வேண்டும். நீ இறங்காவிட்டால் யானை இறக்கும்."

யானை தூரத்தில் நின்றபடி தலையை அசைத்தது. தன் பெயர் வந்ததைத் தவிர வேறெதையும் அது கவனித்திருக்கவில்லை.

மறுநாள் இடங்கி நாரையை அழைத்துக் கேட்டாள். நாரை ஒற்றைக் காலில் நின்று அவளை ஏறிட்டுப் பார்த்தது.

"என் அக்காவைத் தின்றவள் நீ."

"ஆம்" என்றாள் இடங்கி. "பசித்தது."

"அதைவிட்டாலும், வாய் நிறையப் பல்லோடு இருக்கும் உன்னை உறவென்று சொன்னால் என் பிள்ளைகளை யார் கூட்டில் சேர்ப்பார்கள்?"

நாரை போய்விட்டது. கொக்கும் நீர்க்காகமும் வரவே இல்லை. மூன்று நாள் சென்றது. நான்காம் நாள், இனிக் கேட்பதற்கு ஒருத்திதான் மிச்சமிருந்தாள்.

ஆள்காட்டிக் குருவி அவளுக்குப் பத்தடி தள்ளி, வெறும் மணலில் சிறு பள்ளம் பறித்து நான்கு முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறும்போது ஆற்றுக்கு ஓடி வயிற்று இறகை நனைத்து வந்து முட்டைகளைக் குளிர்விப்பாள். அக்கம்பக்கத்தில் இலை அசைந்தாலும் ஊரைக் கூட்டிவிடுவாள். அவளுக்கு யாரிடமும் பயமில்லை. யாரிடமும் மரியாதையும் இல்லை.

"நீ கேட்கப்போவது எனக்குத் தெரியும்" என்றாள் ஆள்காட்டி. "நீ பக்கத்தில் கிடப்பதால் உடும்பு என் முட்டைக்கு வருவதில்லை. அது எனக்கு லாபம்தான். அதற்காக உன்னை உறவென்று பொய் சொல்ல மாட்டேன்."

"பொய் சொல்லாதே" என்றாள் இடங்கி. "பொய்யால் கிடைக்கும் காவல் எனக்கு வேண்டாம். நீ காதால் கேட்டதை மட்டும் சொல்."

"என்ன கேட்டேன்?"

"இன்னும் கேட்கவில்லை."

ஆள்காட்டி அவளைப் பைத்தியம் என்று நினைத்துத் தன் முட்டைமேல் திரும்ப அமர்ந்தாள். இடங்கி தன் தாடையை மணலில் பதித்துக் கண்ணை மூடினாள். ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் அவள் அப்படியே கிடந்தாள். வெயில் முதுகைச் சுட்டது. குளிர்ந்த நீர் நாற்பதடிக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு முறை இறங்கி முங்கி வர எவ்வளவு நேரம் ஆகிவிடும்? தாழம்புதரில் உடும்பின் நாக்கு தெரிந்தது, மறைந்தது, மீண்டும் தெரிந்தது. அவள் இறங்கவில்லை.

"பெரியம்மா, முகமெல்லாம் வாடிவிட்டதே" என்றது உடும்பு. "போய்க் குளித்துவிட்டு வாருங்கள். வீட்டை நான் பார்த்துக்கொள்ள மாட்டேனா?"

"பார்த்துக்கொள்வாய்" என்றாள் இடங்கி. 

ஏழாம் நாள் காலையில் கூட்டம் கூடியது. அலவன் மேடேறி வந்தான். யானை அவளுக்குப் பின்புறமாக வந்து நின்றது. உடும்பு புதரைவிட்டு வெளியே வந்து, விருந்துக்கு வந்தவன்போல் முன்வரிசையில் அமர்ந்தது.

"சாட்சி கிடைத்ததா?" என்றான் அலவன்.

"இன்னும் இல்லை."

"அப்படியானால் எழுந்திரு."

"எழமாட்டேன்."

"சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான், இடங்கி."

"யானையை இழுக்கச் சொல்லுங்கள். என் வால் அறுந்தாலும் கால்கள் இங்கேதான் இருக்கும்."

யானை தயங்கித் துதிக்கையை நீட்டியது. அப்போதுதான் அலவன் அசையாமல் நின்றான். அவன் எட்டுக் கால்களும் மணலில் ஊன்றியிருந்தன. அந்தக் கால்களின் வழியே ஏதோ ஓர் அதிர்வு ஏறிவந்தது. மண்ணுக்கு அடியில் யாரோ பேசுகிறார்கள்.

முதலில் ஒரு குரல். தொண்டைக்குள் கூழாங்கல் உருளுவது போன்ற ஒரு சின்ன முனகல். பிறகு இரண்டு. பிறகு மணல் முழுவதும் முனகியது. இருபத்துமூன்று குரல்களும் ஓட்டுக்குள் இருந்தபடியே ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன: இருக்கிறேன், எடு.

பத்தடி தள்ளி, அதே காலையில், ஆள்காட்டியின் முட்டைகளும் பொரியும் பருவத்தில் இருந்தன. அவற்றுக்குள்ளிருந்தும் குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. அவையும் சொன்னது அதையேதான். இந்தக் குரல் எங்கே, அந்தக் குரல் எங்கே என்று பிரித்துப் பார்க்க ஆள்காட்டிக்கு நேரமில்லை. குரல் வந்த திசைக்கு அவள் கால்கள் தாமாகவே ஓடின. யானையின் துதிக்கைக்கு அடியில் புகுந்து, இடங்கியின் தாடைக்கு எதிரே நின்று, குனிந்து, தன் குஞ்சுகளுக்கு மட்டுமே கொடுக்கும் அந்தத் தணிந்த குரலை மண்ணுக்குக் கொடுத்தாள். மண் பதில் சொன்னது. அவள் மறுபடியும் குரல் கொடுத்தாள். இடங்கியும் ஆழ்ந்த குரலில் அழைத்தாள். இருவரும் ஒரே மணலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

பிறகுதான் ஆள்காட்டி நிமிர்ந்து, தான் எங்கே நிற்கிறோம் என்று கண்டாள். வெட்கம் அவளுக்குப் பழக்கமில்லை, கோபம்தான் வந்தது.

"எல்லாரும் என்ன பார்க்கிறீர்கள்? உள்ளே பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். இவளைத் தோண்டவிடுங்கள்."

யானை துதிக்கையை இழுத்துக்கொண்டது.

"ஆமையாரே" என்றான் அலவன் மெதுவாக, "உங்கள் முட்டைகள் இப்படிப் பேசுமா?"

ஆமை கழுத்தை நீட்டி மணலைப் பார்த்தது. "தெரியாது" என்றது. "நான் ஒருநாளும் நின்று கேட்டதில்லை."

இடங்கி தோண்டத் தொடங்கினாள்.  மணல் விலகியது, ஓடுகள் தெரிந்தன, ஒரு சிறு மூக்கு ஓட்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. அவள் குனிந்தாள். வாயை அகலத் திறந்து அந்தக் குஞ்சைப் பற்றினாள். அடுத்ததைப் பற்றினாள். உடையாத ஒரு முட்டையை நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே வைத்து உருட்டி, மெல்ல அழுத்தி உடைத்தாள்.

"பாருங்கள்" என்று உடும்பு கத்தியது. "தின்கிறாள். நான் தின்றால் குற்றம். தாய் தின்றால் குலவழக்கமா? இவள் எங்களில் ஒருத்திதான்."

இடங்கி நிறைந்த வாயோடு திரும்பி நடந்தாள். நாற்பதடி இறங்கி நீர்விளிம்புக்குப் போனாள். கூட்டம் பின்னாலேயே போனது. ஆழமில்லாத நீரில் தலையைச் சாய்த்து அவள் வாயைத் திறந்தாள். பற்களுக்கு நடுவிலிருந்து ஒன்பது குஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீந்தி வெளியே வந்தன. ஒன்றின்மீதும் ஒரு கீறல் இல்லை.

அவள் மேலே திரும்பி வந்தபோது உடும்பு குழியின் விளிம்பில் நிற்கவில்லை. அங்கே ஆள்காட்டி சிறகை விரித்து நின்றுகொண்டிருந்தாள். உடும்பு வெகுதூரத்தில் இருந்தது. அதன் நெற்றியில் புதிதாக ஒரு கொத்து விழுந்திருந்தது.

நான்கு முறை இறங்கி ஏறி இருபத்துமூன்று பிள்ளைகளையும் நீரில் சேர்த்த பிறகு, இடங்கி அலவன் எதிரே வந்து நின்றாள்.

"கேட்டீர்கள். பார்த்தீர்கள். இனி என்ன எழுதப்போகிறீர்கள்?"

அலவன் தன் பட்டியல் இருந்த இடத்துக்கு நடந்தான். வைகாசி வெயில் ஏழு நாளும் களிமண்ணைக் காய்ச்சியிருந்தது. அது ஓடுபோல் இறுகிக் கிடந்தது. கொடுக்கால் கீறினான், நுனி உடைந்தது.

"அழிக்க முடியவில்லை" என்றான்.  "ஈரமாக இருந்த அன்று நான் உள்ளே பார்க்கவில்லை. உன்னைத் தனியே பெயர்த்தால் பட்டியல் முழுவதும் நொறுங்கும். பிறகு பன்றியும் நீர்நாயும் நாளைக் காலையிலேயே உன் மேட்டில் வந்து நிற்கும். என்ன செய்யட்டும், நீயே சொல்."

எல்லாரும் இடங்கியைப் பார்த்தார்கள். ஆமை ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தது, அவள் பொருட்படுத்தவில்லை.

"நொறுக்க வேண்டாம்" என்றாள். "எழுத்து உங்களோடு இருக்கட்டும், மணல் என்னோடு இருக்கட்டும். நானும் என் வழியில் வரும் பெண்களும் முட்டைமேல் காவல் கிடப்போம். எங்களை எழுப்ப யாரும் வரக்கூடாது. பங்காளி என்று சொல்லிக்கொண்டும் வரக்கூடாது."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அலவன். தன் எழுத்தைத் திரும்பிப் பார்க்கக் கூசி, பக்கவாட்டிலேயே நடந்து வளைக்குள் இறங்கினான். இன்றும் ஆற்றோரத்தில் ஒரு நிழல் விழுந்தால் நண்டு வளைக்குள் ஒளிகிறது. பட்டியலைத் திருத்தச் சொல்லி யாரோ வந்துவிட்டார்கள் என்றே அது எண்ணுகிறது.

அந்தப் பட்டியலைத்தான் நாமும் வெகுகாலம் படித்தோம். அதில் முதலை, பல்லிக்கும் பாம்புக்கும் ஆமைக்கும் நடுவே ஊர்வனவாக எழுதப்பட்டிருக்கிறது. நெஞ்சைத் திறந்து பார்த்தவர்களும் எலும்பை எண்ணிப் பார்த்தவர்களும், அதன் நெருங்கிய உறவு மரத்தின்மேல் இருக்கிறது என்று பின்னால் கண்டு வியந்தார்கள். முதலைக்கு அது புதிய செய்தி அன்று.

அன்று முதல்தான், ஏட்டில் ஊர்வனவாக இருக்கும் முதலை, வைகாசி மாதத்து மணலுக்கு அடியிலிருந்து பிள்ளைகள் குரல் கொடுக்கும்போது, தாய்ப்பறவையைப்போலப் பதில் குரல் கொடுத்துத் தோண்டி எடுக்கிறது; எடுத்த பிள்ளைகளை, ஊரார் என்ன சொன்னாலும், தன் பற்களுக்கு நடுவிலேயே வைத்து நீருக்குக் கொண்டுபோகிறது.